இருபத்தொன்பது மில்லிமீட்டரும் ஓர் அப்பளக் கட்டையும்

“சப்பாத்தி போடணும்னுதானே வாங்கிட்டுப் போன? எங்கட்டி சப்பாத்தி? ஒண்ணே ஒண்ணு காட்டு, பாப்போம்!”

“யக்கா, கொஞ்சம் பைய பேசுங்க.”

“நான் எதுக்குப் பைய பேசணும்? நானா அடுத்த வீட்டுக் கட்டைய வாங்கி அதுக்குக் காகிதத்துல சட்டை போட்டேன்?”

விக்கிரமசிங்கபுரத்தில் நூல் மில்லுக்குப் பின்பக்கம் இருக்கிற அந்தத் தெருவில், புதன்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்குள் இருந்தவர்கள் என்று யாரையும் சொல்ல முடியாது. ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் சைக்கிளை விட்டு இறங்காமல் ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றார்கள். எதிர்வீட்டு ஹமீது பீவி, காய்ந்த துணியை எடுக்க வந்தவள், ஒரே துணியை மூன்று தடவை மடித்தாள்.

சத்தம் போட்டது சுடலைவடிவு. கல்லிடைக்குறிச்சி கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே அப்பளம் உருட்டிக் கொடுக்கிறவள். வாசற்படியில் நின்று வாங்கிக் கட்டிக்கொண்டது ரீபா. பெண்கள் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் நடத்துகிறவள். மில்லில் முப்பத்தோரு வருஷம் நூல் சுற்றும் பிரிவில் இருந்து ஓய்வுபெற்ற நேசையாவின் ஒரே மகள். அவள் கையில் ஒரு முழ நீளத்துக்கு, சுடலைவடிவு அப்பளம் உருட்டுகிற மரக்கட்டை. இரண்டு நுனி மட்டும் வெளியே தெரிய, சோளக்கதிருக்குத் தோல் மாதிரி, பிரவுன் தாளில் செய்த குழாய் ஒன்று இறுக்கிப் பிடித்திருந்தது. கழற்ற வரவில்லை. காலையில் இருந்தே வரவில்லை.

“கம்பெனி மாவு பிசைஞ்சு கெடக்கு. இன்னைக்கு உருட்டலன்னா விடியங்காட்டி புளிச்சிரும். அப்புறம் அந்தக் கம்பெனிக்காரன் மொகத்துல யாரு முழிக்க? டீச்சரம்மா வந்து முழிப்பியா?”

“ஒரு மணி நேரம் குடுங்க, யக்கா. நான் எடுத்துத் தாரேன்.”

“உங்க அப்பா மதியத்துல இருந்து இதைத்தான் சொல்லுதாவ.”

அது உண்மைதான். மத்தியானம் நேசையா ஒரு முனையையும் அவர் மனைவி இன்பமணி மறுமுனையையும் பிடித்து இழுத்ததைத் தெருவே பார்த்தது. தேர் வடம் மாதிரி இழுத்தும் குழாய் அசையவில்லை. இன்பமணிதான் அசைந்து, தண்ணீர்க் குடத்தின் மேல் உட்கார்ந்தாள்.

ரீபா சப்பாத்தி என்று பொய் சொன்னதற்குக் காரணம் இருந்தது. ராக்கெட்டுக்கு என்று சொன்னால் தெரு சிரிக்கும். போன வருஷத்தில் இருந்து அந்தத் தெருவில் ராக்கெட் என்ற வார்த்தையைச் சொல்லிவிட்டு யாரும் சிரிக்காமல் இருந்தது கிடையாது.

போன வருஷம் நடந்தது இது. மாவட்டத்துப் பள்ளிக்கூடங்களுக்கு ஓர் இன்ஜினியரிங் கல்லூரிக்காரர்கள் சின்ன ராக்கெட் செய்து பறக்கவிடுகிற போட்டி வைக்கிறார்கள். மாணவிகள் செய்துகொண்டு போகிற ராக்கெட் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவு, வெளியே பெரிய அட்டைக் குழாய். அதன் வயிற்றுக்குள் இன்னொரு சின்னக் குழாய் உண்டு. மருந்து அடைத்த மோட்டார் அந்தச் சின்னக் குழாயில்தான் உட்காரும். மோட்டார் என்றால் கிணற்று மோட்டார் அல்ல. தடித்த மெழுகுவர்த்தி அளவுக்கு ஓர் உருளை. பற்றவைத்தால் அது மேலே தள்ளும். சின்னக் குழாய் உறுதியாக இருந்தால் மொத்த ராக்கெட்டும் கூடப் போகும்.

அந்தச் சின்னக் குழாய்க்கு நேசையா கொடுத்தது, வீட்டில் கிடந்த மில்லுக் குழாய். நூல் சுற்றுகிற அட்டைக் குழாய். அந்தத் தெருவில் அது இல்லாத வீடு கிடையாது: துடைப்பத்துக்குக் கைப்பிடி, அடுப்பு ஊத, பட்டுச்சேலையைச் சுருட்டி வைக்க, பிள்ளைகளை அடிக்க. “மில்லுக் குழாய்க்கு மேல ஒரு குழாய் உண்டாவே?” என்று நேசையா எல்லோரிடமும் கேட்டார். குழாயில் ஒரு குறையும் இல்லை. நூல் சிக்காமல் வழுக்கி வரவேண்டும் என்றுதான் அதைக் கண்ணாடி மாதிரி மெருகேற்றியிருப்பார்கள். வழுக்குவதற்கென்றே செய்த பொருளைப் பசை போட்டு ஒட்டினால் அது பசையையும் வழுக்கிவிடும் என்று அப்பாவுக்கும் தோன்றவில்லை, பௌதிக மகளுக்கும் தோன்றவில்லை. பற்றவைத்தார்கள். மோட்டார் குழாயைப் பிய்த்துக்கொண்டு ராக்கெட்டின் மூக்கைக் கிழித்துத் தனியாகப் பறந்தது. ராக்கெட் நின்ற இடத்திலேயே நின்றது. மோட்டார் சுற்றிச் சுழன்று வந்து, விளையாட்டு ஆசிரியர் ஜேசுதாசன் தலைமையாசிரியைக்குப் பிடித்துக்கொண்டிருந்த குடையில் ஓட்டை போட்டுவிட்டுக் கீழே விழுந்தது.

தெரு அந்தக் குடையைச் சொல்லித்தான் ஒரு வருஷம் சிரித்தது. ரீபா சிரிக்கவில்லை. குடையில் பட்டுத் தெறித்த மோட்டார் விழுந்த இடம், பதினொன்றாம் வகுப்பு தஸ்மியாவின் காலடிக்குப் பக்கம். எல்லோரும் வேனில் ஏறின பிறகு ரீபா தனியாகப் போய் டேப் வைத்து அளந்தாள். அறுபத்திரண்டு சென்டிமீட்டர். அதை யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அந்த எண் அவளை விடவில்லை. பிரம்பைப் பார்த்தால் அறுபத்திரண்டு இருக்குமா என்று தோன்றும். மேசை, ஜன்னல் எதைப் பார்த்தாலும் கை தானாக அளக்கும்.

இந்த வருஷம் போட்டி சனிக்கிழமை, வள்ளியூருக்கு வெளியே ஒரு பொட்டலில். தலைமையாசிரியை ரொம்பப் பேசவில்லை. “இன்னொரு தடவை அப்படி ஆச்சுன்னா அந்த ரூம்ல உடைஞ்ச பெஞ்சைப் போட்டுப் பூட்டிருவேன், ரீபா” என்றார். எட்டு மாணவிகள் சாயங்காலம் கூடுகிற அறை அது. பெஞ்சு போட்டுப் பூட்டினால் பூட்டினதுதான். அந்தப் பள்ளிக்கூடத்தில் அப்படிப் பூட்டிய அறை ஏற்கனவே இரண்டு இருக்கிறது.

ஆகவே ரீபா இந்தமுறை குழாயைத் தானே சுற்றிச் செய்வது என்று முடிவு செய்தாள். தாளில் பசை தடவி மோட்டாரின் தடிமன் உள்ள ஓர் உருளையின் மேல் பன்னிரண்டு சுற்று இறுக்கிச் சுற்றினால், காய்ந்ததும் மரம் மாதிரி ஆகிவிடும். பிரச்சினை உருளையில்தான். இந்த வருஷ மோட்டாரின் விட்டம் இருபத்தொன்பது மில்லிமீட்டர் என்று சுற்றறிக்கையில் போட்டிருந்தார்கள். மோட்டாரை முன்கூட்டித் தரமாட்டார்கள். வெடிமருந்துச் சமாச்சாரம், மைதானத்தில்தான் கையில் கொடுப்பார்கள். கண்ணால் பார்க்காத மாப்பிள்ளைக்குச் சட்டை தைக்கிற கதை. அம்பாசமுத்திரத்தில் கடை கடையாக ஏறி இறங்கினாள். பிளாஸ்டிக் பைப் இருபத்தைந்தில் இருந்தது, முப்பத்திரண்டில் இருந்தது.

“இருவத்தொம்பதா? அப்படி ஒரு சைஸ் எவனுக்கு வேணும்?” என்றார் கடைக்காரர்.

“எனக்கு வேணும், அண்ணாச்சி.”

“தண்ணி எதுல போனா என்னம்மா? முப்பத்தி ரெண்டையே கொண்டு போ.”

லேத் பட்டறையில் உருளை கடைந்து தரப் பத்து நாள் ஆகும் என்றார்கள். பத்து நாளில் போட்டியே முடிந்து பரிசுக் கோப்பையில் தூசி படிந்திருக்கும்.

அப்படி இருக்கும்போதுதான் திங்கட்கிழமை, சுடலைவடிவின் வீட்டுக்கு முருங்கைக்கீரை கொடுக்கப் போன இடத்தில், மணையில் கிடந்த அப்பளக் கட்டையைப் பார்த்தாள். மெலிந்த, கைப்பிடி இல்லாத, நேரான கட்டை. கைப்பையில், மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வரை அளக்கிற வெர்னியர் இருந்தது. சுடலைவடிவு அடுக்களைக்குப் போன சமயம் கட்டையின் நுனியை அளந்தாள். இருபத்தொன்பது புள்ளி ஒன்று. மறுநுனி. இருபத்தொன்பது புள்ளி ஒன்று. ரீபாவுக்கு அழுகை வந்துவிடும்போல் இருந்தது. அந்த அவசரத்தில் வாயில் வந்ததுதான் சப்பாத்தி.

செவ்வாய்க்கிழமை சுற்றினாள். அழகாக வந்தது. கட்டை எத்தனையோ வருஷம் எண்ணெய் குடித்த கட்டை. பசை கசிந்தாலும் மரத்தில் ஒட்டவே இல்லை. ஆனால் புதன்கிழமை காலையில் உருவப் பார்த்தால், குழாய் கட்டையின் மேல் வட்டமாகச் சுழல்கிறதே தவிர நுனியைத் தாண்டமாட்டேன் என்கிறது. ஏன் என்று அவளுக்குப் புரியவில்லை. புரியாததுதான் அவளைப் பாடாய்ப் படுத்தியது. சத்தம் போடுகிற சுடலைவடிவைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம்.

“வெட்டி எடு” என்றாள் சுடலைவடிவு, இடுப்பில் கை வைத்து.

“வெட்டினா குழாய் போயிரும், யக்கா. சனிக்கிழமைக்கு…”

“வெட்டாட்டி என் மாவு போயிரும்.”

ரீபா உள்ளே போய்ப் பிளேடு எடுத்து வந்தாள். பிளேடைப் பார்த்ததும் சுடலைவடிவின் முகம் மாறியது.

“ஏட்டி, நில்லு. கட்டைல ஒரு கீறல் விழுந்துச்சுன்னு வச்சுக்கோ, நான் உருட்டுத அப்பளம் அத்தனையிலயும் கோடு விழும். கோடு விழுந்த அப்பளத்தைக் கம்பெனிக்காரன் திருப்பி எம்மேலதான் எறிவான். தெரிஞ்சுக்கோ.”

“கீறல் படாம வெட்டுதேன்.”

“பட்டுச்சுன்னா?”

ரீபா படிக்கட்டில் உட்கார்ந்தாள். சுடலைவடிவும் எதிரே உட்கார்ந்து கட்டையின் இரண்டு முனையையும் இரண்டு கையால் பிடித்துக்கொண்டாள். சைக்கிள்காரர்கள் பக்கத்தில் வந்தார்கள். ஹமீது பீவி துணியை விட்டுவிட்டே வந்துவிட்டாள்.

நீளவாக்கில் கோடு போட்டு ஒரு சுற்றுத் தாளை வெட்டினாள். இரண்டாவது. மூன்றாவது. வெட்டிய கோட்டிலேயே மறுபடி, அழுத்தாமல், பிளேடின் கனத்தில் மட்டும். பன்னிரண்டில் எத்தனை முடிந்தது என்று எண்ணிக்கொண்டே வந்தவளுக்கு ஏழுக்கு அப்புறம் ஏழா எட்டா என்று மறந்துபோனது. நெற்றியில் இருந்து ஒரு சொட்டு வியர்வை தாளில் விழுந்தது.

“ஏளா, லைட்டைப் போடு. பிள்ளைக்குக் கண்ணு தெரியாண்டாமா?” என்று நேசையா இன்பமணியை விரட்டினார்.

“எல்லாம் உங்க மில்லுக் குழாயால வந்த வினை” என்றபடி இன்பமணி லைட்டைப் போட்டாள்.

“மில்லுக் குழாய்க்கு என்ன கொறச்சல்? ஒட்டுனவுக சரியா ஒட்டல…”

“அப்பா!” என்றாள் ரீபா. நேசையா வாயை மூடிக்கொண்டார்.

பத்தோ பதினொன்றோ, எண்ணெய் ஊறிய தாள் கோட்டின் அடியில் தெரிந்தது. பிளேடைக் கீழே வைத்துவிட்டாள். கடைசிச் சுற்றை நகத்தால் கிழித்தாள். அவள் நகம் சின்னது. சுடலைவடிவு பொறுக்கமாட்டாமல் தன் கட்டைவிரல் நகத்தையும் கொடுத்தாள். டப்பென்று குழாய் வாய் பிளந்து கழன்றது.

சுடலைவடிவு கட்டையை லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்து, பெண் பார்க்க வந்தவள் மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கன்னத்தில் வைத்து உருட்டிப் பார்த்தாள். கீறல் இல்லை.

“பொழச்ச” என்றாள். அவ்வளவுதான். கட்டையை முந்தானையில் சுற்றிக்கொண்டு எழுந்தாள்.

“யக்கா, ஒரு நிமிஷம். நடுவுல அளந்துக்கிடுதேன்.”

“இன்னும் என்னத்த அளக்கப் போற?”

இருந்தாலும் நீட்டினாள். நடுவில் இருபத்தெட்டு புள்ளி ஏழு. தினமும் மாவின் மேல் உருண்டு உருண்டு கட்டையின் நடுப்பகுதி கண்ணுக்குத் தெரியாமல் தேய்ந்திருந்தது. அந்த இடுப்பில்தான் குழாய் உட்கார்ந்து பிடித்திருக்கிறது. நுனியைத் தாண்டி எப்படி வரும்?

மறுநாள் இதைக் கேட்ட தஸ்மியா ஒரு வார்த்தைதான் சொன்னாள். “மிஸ், எதையும் மூணு எடத்துல அளந்து சராசரி எடுக்கணும்னு நீங்கதானே எங்களுக்குச் சொல்லித் தந்தீங்க?”

மற்ற ஏழு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். சிரிப்பை அடக்கத்தான்.

வியாழக்கிழமை சாயங்காலம் அந்த அறையில் ரீபாவின் முன்னால் இருந்தவை இவை: இருபத்தைந்து மில்லிமீட்டர் பிளாஸ்டிக் பைப் ஒன்று, வாய் பிளந்த குழாய் ஒன்று. நேரம் இல்லை. இன்றைக்குச் சுற்றினால்தான் நாளை காயும். காய்ந்ததும் ராக்கெட்டின் பெரிய குழாய்க்குள், இடைவெளியை அடைக்க வளையம் வைத்து ஒட்ட வேண்டும். ஒட்டினது சனிக்கிழமைக்குள் இறுக வேண்டும். ஏதாவது ஒன்று பிந்தினாலும் முடிந்தது. பிளந்த குழாயை எடுத்துக் கையால் மூடிப் பார்த்தாள், விட்டால் திறந்தது, மூடினால் வெட்டின விளிம்புகள் இரண்டும் ஒன்றையொன்று தொட்டன. நுனிப்பக்கம், கட்டையின் தேயாத இடத்தில் சுற்றியது, இருபத்தொன்பது புள்ளி ஒன்றை இன்னும் வைத்திருந்தது; அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்தாள்.

“தஸ்மியா, பழைய நோட்டுல இருந்து தாளைக் கிழி. நீளமா.”

பைப்பின் மேல் தாளை இறுக்கிச் சுற்றினார்கள். பிளந்த துண்டை அதன் மேல் மாட்டினார்கள். விளிம்புகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறின. இன்னும் தாள் சுற்றினார்கள். ஏறினது குறைந்தது. இன்னும். கடைசியில் இரண்டு விளிம்பும் சரியாக ஒட்டி நின்றன, நடுவில் ஒரு மயிர் போகாது. அப்படியானால் உள்ளே இருக்கிற பைப்பும் தாளும் சேர்ந்து இருபத்தொன்பது புள்ளி ஒன்று. துண்டைக் கழற்றிவிட்டு ரீபா வெர்னியர் வைத்தாள். மூன்று இடத்தில் வைத்தாள். தஸ்மியா பார்த்துக்கொண்டிருந்ததால் நான்காவது இடத்திலும் வைத்தாள்.

சுற்றப்போகிற குழாய் அதில் ஒட்டாமல் இருக்க என்ன செய்வது என்று யாரோ கேட்டார்கள். சுடலைவடிவின் கட்டையில் பசை ஒட்டாதது ரீபாவுக்கு ஞாபகம் வந்தது. மேலே ஒரு பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி, அதில் நல்லெண்ணெய் தடவினாள். அவள் தடவினது கொஞ்சநஞ்சமில்லை. ஒரு தடவை மாட்டிக்கொண்டவள் அப்படித்தான் தடவுவாள். அதன் மேல் புதுத் தாளைப் பசை தடவிப் பன்னிரண்டு சுற்றுச் சுற்றினார்கள்.

வெள்ளிக்கிழமை மதியம் உருவினார்கள். வந்தது. பாத்திரத்தில் இருந்து இட்லி வருகிற மாதிரி வந்தது. எட்டுப் பேரும் கத்தின கத்தில் பக்கத்து வகுப்பு தமிழ் ஆசிரியை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ரீபா குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு அங்கேயே நின்றது.

உள்சுற்றுத் தாளின் ஒரு விளிம்பு தூக்கிக்கொண்டு நின்றது. விரலால் தொட்டால் ஆடியது. எண்ணெய் தாளில் ஊறி, முதல் இரண்டு சுற்றுக்கு நடுவே பசை பிடிக்கவில்லை. வெளியே பத்துச் சுற்று கல் மாதிரி. உள்ளே இரண்டு சுற்று தொளதொளவென்று.

மறுபடி சுற்ற நேரம் இல்லை. உள்ளே பசை செலுத்தப் பார்த்தாள். எண்ணெயில் பசை உருண்டு உருண்டு வந்தது. மோட்டாரின் அடியில் ஒரு விளிம்பு இருக்கும். அது குழாயின் கீழ்நுனியைத் தாங்கித்தான் ராக்கெட்டை மேலே தள்ளும். தள்ளும்போது உள்சுற்று கழன்றால்? கழன்று மோட்டார் கோணலாகத் திரும்பினால்? குடை ஒன்றும் பெரிதில்லை, புதிது வாங்கிக்கொள்ளலாம். அறுபத்திரண்டு சென்டிமீட்டரை எங்கே வாங்குவது?

மாணவிகளிடம் சொல்லவில்லை. இந்தத் தடவை குழாயின் வெளிப்பக்கத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, வளையங்களை வைத்து ஒட்டினாள். எட்டுப் பேரும் ஊதி ஊதிக் காயவைத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் சாப்பிடவில்லை என்று இன்பமணி பக்கத்து வீட்டில் சொன்னாள். பக்கத்து வீடு அதை எதிர்வீட்டில் சொன்னது. “ராக்கெட்டுக்கு மசக்கை” என்றாள் ஹமீது பீவி.

சனிக்கிழமை வள்ளியூர்ப் பொட்டலில் காற்று சும்மா இருந்தது. அதுவே பெரிய காரியம். தூரத்தில் காற்றாலைகள் சோம்பலாகச் சுற்றின. பதினாறு பள்ளிக்கூடங்கள் வந்திருந்தன. ஜேசுதாசன் இந்தமுறை குடை கொண்டுவரவில்லை. தலைக்கு ஹெல்மெட் போட்டு வந்திருந்தார். கேட்டதற்கு, பைக்கில் வந்தேன் என்றார். பைக் ஸ்கூலில் நின்றது. அவர் வந்தது வேனில்.

பாதுகாப்புச் சோதனைக்கு இருந்தவர் அலி அஸ்கர், மேலப்பாளையத்துக்காரர், கல்லூரி விரிவுரையாளர். ராக்கெட்டைக் கையில் வாங்கும்போதே அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது.

“போன வருஷம் குடையில சுட்டது நீங்கதானே, டீச்சர்?”

“ஆமா சார்.”

“குழாய் யாரு செஞ்சது?”

“நாங்கதான்.”

“மில்லுக் குழாய் இல்லையே?”

செய்தி வள்ளியூர் வரை வந்திருந்தது. அவர் சிரித்துக்கொண்டே மோட்டாரை எடுத்து நீட்டினார். “போட்டுக் காட்டுங்க. உங்க முறைக்கு இருபது நிமிஷம் இருக்கு.”

ரீபா இந்த வருஷத்து மோட்டாரை முதன்முதலாகக் கையில் வாங்கினாள். கனமாக இருந்தது. குழாய்க்குள் விட்டாள். ஒரு விரற்கடை போனது. நின்றது. அழுத்தினாள். போகவில்லை. மோட்டாரைச் சுற்றி எச்சரிக்கைச் சீட்டு ஒன்றைத் தடித்த தாளில் ஒட்டியிருந்தார்கள். வெர்னியர் வைத்தாள். இருபத்தொன்பது புள்ளி நான்கு.

“அந்தச் சீட்டை உரிச்சிரலாமா சார்?”

“உரிக்கக் கூடாது. உரிச்சா மோட்டாரைத் திருப்பி வாங்கிருவேன். விதி.”

பதினெட்டு நிமிஷம். பக்கத்துப் பள்ளிக்கூடத்து ஆசிரியர் ஒருவர் உப்புத்தாள் வைத்து உள்ளே தேய்க்கச் சொன்னார். இன்னொருவர் சோப்பு தடவச் சொன்னார். வழுக்குகிற எதையும் இனி ராக்கெட் பக்கம் கொண்டுபோவதில்லை என்று ரீபா கர்த்தரிடம் சொல்லியிருந்தாள். தலைமையாசிரியை தூரத்தில் நாற்காலியில் உட்கார்ந்து இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்; அவர் மனதில் உடைந்த பெஞ்சுகள் ஒவ்வொன்றாக அறைக்குள் போவது இங்கிருந்தே தெரிந்தது.

“மிஸ்” என்றாள் தஸ்மியா, சத்தம் குறைத்து. “உள்ள ரெண்டு சுத்து ஆடுதுல்லா, அதை உரிச்சு எடுத்துட்டா என்ன?”

ரீபா அவளைப் பார்த்தாள். “உனக்கு எப்படித் தெரியும்?”

“நேத்தே பாத்தோம். நீங்க சொல்லாம இருந்தீங்களா, நாங்களும் கேக்கல. நீங்க பயப்படுவீங்கன்னு.”

எட்டுப் பேருக்கும் தெரிந்திருக்கிறது. எட்டுப் பேரும் ராத்திரி அவரவர் வீட்டில் அதே பயத்தோடு படுத்திருக்கிறார்கள். ரீபாவுக்குக் கோபப்படுவதா, கட்டிப்பிடிப்பதா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் நேரமும் இல்லை.

தஸ்மியா தலைத்துணியில் இருந்து ஓர் ஊசியைக் கழற்றிக் கொடுத்தாள். ரீபா தூக்கி நின்ற விளிம்பில் ஊசியை மாட்டி, பையப் பைய இழுத்தாள். எண்ணெய்த் தாள் வந்தது. சுருள் சுருளாக, கிழியாமல், ஒரு சுற்று, இரண்டாவது சுற்று, மூன்றாவதில் பசை பிடித்த இடத்தில் வந்து சட்டென்று நின்றது. பசை எங்கே தொடங்கியதோ அங்கேயே நின்றது. உள்ளே விரலை விட்டுத் தடவினாள். கெட்டியாக இருந்தது. ஆடுகிற இடம் ஒன்றும் இல்லை.

மோட்டாரை விட்டாள். போனது. கொஞ்சம் தளர்வுதான், மேலே டேப் ஒரு சுற்றுப் போட்டதும் சொல்லிவைத்த மாதிரி உட்கார்ந்தது. அலி அஸ்கர் வாங்கி, கட்டைவிரலால் மோட்டாரின் அடியை அழுத்தினார், முகம் சிவக்கிற அளவுக்கு. குழாய் அசையவில்லை. உரித்துப் போட்ட சுருளை எடுத்து மோந்து பார்த்தார்.

“நல்லெண்ணெயா இது?”

“ஆமா சார்.”

“ராக்கெட்டுக்குள்ள எதுக்கு டீச்சர் நல்லெண்ணெய்?”

“அது பெரிய கதை சார்.”

அவர் தாளில் கையெழுத்துப் போட்டார்.

கயிறு கட்டிய எல்லைக்கு வெளியே எல்லோரும் நிற்க வேண்டும் என்பது விதி. ரீபா தன் எட்டுப் பேரையும் அதற்கும் பின்னால் பத்துக் காலடி தள்ளி நிறுத்தினாள். போதாது என்று இன்னும் ஐந்து காலடி. “மிஸ், இன்னும் கொஞ்சம் போனா வள்ளியூர் பஸ் ஸ்டாண்டு வந்துரும்” என்றாள் ஒருத்தி. ஐந்து, நான்கு என்று மைக்கில் எண்ணினார்கள். எல்லோரும் ராக்கெட்டைப் பார்த்தார்கள். ரீபா மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு, எட்டுப் பேரின் கால்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

உஸ்ஸென்ற சத்தம் கேட்டது. மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு கணம், இரண்டு கணம். கால்கள் நகரவில்லை, குதிகால்கள் மட்டும் மெல்ல மேலே எழும்பின. அப்புறம் முகங்களைப் பார்த்தாள். எட்டு முகமும் பின்னால் சாய்ந்து, சாய்ந்து, இன்னும் சாய்ந்துகொண்டே போயின. அப்போதுதான் திரும்பினாள். பார்க்கும்போது ராக்கெட் ஒரு புகைக்கோட்டின் மேல் நுனியில் குச்சி மாதிரி தெரிந்தது. பாராசூட் விரிந்தது. மைதானத்தைத் தாண்டி மிதந்துபோய் ஓர் உடைமரத்தில் விழுந்து, முள் குத்திக் கந்தலானது. பரிசு ஒன்றும் கிடைக்கவில்லை. திரும்பி வந்த ராக்கெட் முழுசாக இருந்தால்தான் பரிசு. ஆனால் மோட்டார் குழாய்க்குள் இருந்தது. ரீபா முள்ளில் கையைக் கிழித்துக்கொண்டு எடுத்து, முதலில் அதைத்தான் பார்த்தாள்.

“பறந்துச்சுன்னு எழுதிக்கிடலாம்” என்றார் தலைமையாசிரியை. பெஞ்சுகள் வராந்தாவிலேயே கிடந்தன.

சுடலைவடிவிடம் விஷயத்தைச் சொல்லப் போனபோது, அவள் உருட்டுவதை நிறுத்தாமல் கேட்டாள். “அப்போ எண்ணெய்தான் காப்பாத்துச்சுன்னு சொல்லு.”

“எண்ணெய்தான் கெடுத்துச்சு, யக்கா. அப்புறம் அதுவே காப்பாத்துச்சு.”

“எப்படியோ, என் கட்டைய நேரா கேட்டிருந்தா நானே நடுவுல தேஞ்சிருக்குன்னு சொல்லியிருப்பேன். நீ சப்பாத்தின்னுல்லா சொன்ன? சப்பாத்திக்கு அது போதும்.”

தெரு அந்த ஒரு பேச்சை வைத்து அடுத்த ஒரு வருஷத்தை ஓட்டியது.

அதற்கப்புறம் நடந்ததையும் சொல்லிவிடலாம். தஸ்மியா பிளஸ் டூ முடித்து, விமானம் பற்றிய படிப்புக்குக் கோயம்புத்தூர் போய்விட்டாள். லீவுக்கு வந்தால் நேரே பள்ளிக்கூடத்து அறைக்குத்தான் போகிறாள், அவள் உம்மாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம். ரீபாவுக்கு மறுவருஷம் மே மாதம் கல்யாணம். மாப்பிள்ளை பெனோ, பாளையங்கோட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கிறவர். பெண் பார்க்க வந்த அன்றைக்கு, தனியாகப் பேசச் சொன்னால் அரைமணி நேரம் இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று தெரு மண்டையை உடைத்துக்கொண்டது. நிச்சயத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த தட்டில் பூ, பழம், சேலைக்கு நடுவே ஒரு எஃகு உருளை பளபளவென்று கிடந்தபோதுதான் தெரிந்தது. ரீபா வந்தவர்கள் முன்னாலேயே வெர்னியர் எடுத்து மூன்று இடத்தில் அளந்தாள். இன்பமணி வெட்கத்தில் அடுக்களைக்குள் போய்விட்டாள். பட்டறைக்குக் கடையத் தந்து பத்து நாள் காத்திருக்கத் தெரியாதவள், உருளைக்காக மாப்பிள்ளையையே பிடித்துவிட்டாள் என்றாள் ஹமீது பீவி. இப்போது ரீபா பாளையங்கோட்டையில் இருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகிறாள்.

சுடலைவடிவு போன ஆவணியில் கல்லிடைக்குறிச்சிக்கே குடிபோய்விட்டாள்; கம்பெனிக்குப் பக்கத்தில் வீடு கிடைத்தது. சாமான் எல்லாம் லோடு ஆட்டோவில் போயின: கட்டில், கிரைண்டர், மணை, பானை, எல்லாம். அவள் மட்டும் பஸ்ஸில் போனாள், மடியில் ஒரு துண்டில் சுற்றிய கட்டையோடு. வழியனுப்ப வந்த நேசையா ஜன்னல் வழியாக ஒரு மில்லுக் குழாயை நீட்டி, அதற்குள் போட்டுக் கொண்டுபோனால் பத்திரமாக இருக்கும் என்றார்.

“வேண்டாம் அண்ணாச்சி” என்றாள் சுடலைவடிவு, துண்டை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு. “உள்ள போனா அப்புறம் வெளிய வராது.”